விஸ்கியை முகர்ந்தும் சுவைத்தும் அறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஸ்கியைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விலையும் வயதும் பெயரும் முன்னால் வந்து நின்றுவிடுகின்றன. கிளாஸுக்குள் இருக்கும் திரவத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்தத் திரவத்தை மூக்கும் நாக்கும் கொண்டு நிதானமாக அறிந்துகொள்ள விரும்புவோர் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

விஸ்கி என்று எதைச் சொல்கிறோம்?

தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அதை ஈஸ்ட் கொண்டு நொதிக்க வைத்து, காய்ச்சி வடித்து, மரப் பீப்பாயில் முதிர வைத்த மதுவே விஸ்கி. நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. ஸ்காட்லாந்தில் 2009 ஆம் ஆண்டின் விதிகளின்படி, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் இருந்து, குறைந்தது 40 சதவீத ஆல்கஹாலுடன் பாட்டிலில் அடைக்கப்பட்டால்தான் அதை ஸ்காட்ச் என்று விற்க முடியும். அமெரிக்க விஸ்கி வகையான பர்பனுக்கு மூலத் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளமாக இருக்க வேண்டும். பீப்பாய் புதியதாகவும் உட்புறம் தீயில் கருக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். சுவைப்பவருக்கு இந்த விதிகள் வெறும் சட்ட விவரங்கள் ஆகா. புது மரத்தின் இனிப்பும் வெனிலா மணமும் பர்பனில் தூக்கலாக இருப்பதற்கும், பழைய பீப்பாயில் முதிரும் ஸ்காட்சில் தானியத்தின் குணம் கூடுதலாகத் தெரிவதற்கும் காரணம் இவற்றில்தான் இருக்கிறது.

குடிப்பதற்கும் சுவைப்பதற்கும் என்ன வேறுபாடு?

அளவும் வேகமும்தான். சுவைத்துப் பார்க்க 15 முதல் 20 மில்லிலிட்டர் தாராளமாகப் போதும். அதை அரை மணி நேரம் வரை வைத்துக்கொண்டு முகரலாம், ஒரு வாய் எடுக்கலாம், நீர் சேர்த்து மீண்டும் முகரலாம். மடக்கென்று விழுங்கினால் மிஞ்சுவது எரிச்சலும் போதையும் மட்டுமே. வடிசாலைகளில் கலவைகளை உருவாக்கும் வல்லுநர்கள் தங்கள் வேலையின் பெரும்பகுதியை மூக்கைக் கொண்டே முடித்துவிடுகிறார்கள். வாயில் எடுப்பது குறைவு, விழுங்குவது அதைவிடக் குறைவு. விஸ்கியை ரசிப்பதற்கு அதை அதிகமாகக் குடிக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

எந்த வகைக் கிளாஸ் தேவை?

அடியில் அகன்று, வாய்ப்பக்கம் குறுகும் கிளாஸ் எதுவாக இருந்தாலும் சரி. அகன்ற அடிப்பகுதியில் திரவத்தின் மேற்பரப்பு விரிந்து மணம் எழுகிறது. குறுகிய வாய் அந்த மணத்தைச் சிதறவிடாமல் மூக்கருகே கொண்டுவருகிறது. இதற்கென்றே 2001 இல் ஸ்காட்லாந்தில் கிளென்கேர்ன் என்ற கிளாஸ் அறிமுகமானது. அதற்கு முன்பிருந்தே, ஷெர்ரி ஒயினுக்கான சிறிய காம்புக் கிளாஸ்கள் இந்த வேலையைச் செய்துவந்தன, இன்றும் செய்கின்றன. வாய் அகன்ற, பக்கங்கள் நேரான தடித்த கிளாஸ் ஐஸுடன் குடிக்க ஏற்றதாக இருக்கலாம். முகர்வதற்கு அது உதவாது. கிளாஸில் சோப்பு வாசனையோ அலமாரி வாசனையோ இருக்கக் கூடாது. ஊற்றிய பின் ஒரு சிறு தட்டால் மூடி ஓரிரு நிமிடம் விட்டால், மணம் உள்ளே திரண்டு நிற்கும்.

நிறத்தையும் கிளாஸில் வழியும் கோடுகளையும் பார்த்து என்ன முடிவுக்கு வரலாம்?

மிகக் குறைவாகத்தான். வடித்தெடுத்த புதுச் சாராயம் தண்ணீரைப் போல நிறமற்றது. நிறம் மரத்திலிருந்து வருகிறது. ஆனால் பல நாடுகளில், ஸ்காட்லாந்து உட்பட, நிறத்தைச் சீராக்கச் சர்க்கரைக் கருக்கலைச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. எனவே ஆழ்ந்த செம்பழுப்பு நிறத்தைக் கண்டதும் இது நெடுங்காலம் முதிர்ந்தது என்று நம்பிவிடக் கூடாது. கண் நாக்கை எவ்வளவு எளிதில் ஏமாற்றிவிடும் என்பதற்கு 2001 இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு சான்று: வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தபோது, ஒயின் கலையைப் பயிலும் மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள்.

கிளாஸைச் சுழற்றினால் சுவரில் கோடுகளாக வழிவது ஆல்கஹாலின் வேலை. ஓரத்தில் ஆல்கஹால் முதலில் ஆவியாவதால் அங்கே பரப்பு இழுவிசை கூடி, திரவம் மேலே இழுக்கப்பட்டுத் துளிகளாகத் திரண்டு இறங்குகிறது. 1855 இலேயே ஜேம்ஸ் தாம்சன் இதை விளக்கியிருக்கிறார். கோடுகள் மெதுவாக இறங்கினால் ஆல்கஹால் சற்று அதிகம் என்று ஊகிக்கலாம். தரத்தைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

முகர்வது எப்படி?

இதுதான் சுவைத்தலின் பெரும்பகுதி என்பதால் அவசரம் கூடாது. கிளாஸை முதலில் மோவாய்க்கு நேரே பிடித்து, மணம் தானாக மேலே வரும்வரை காத்திருங்கள். பிறகு மெல்ல உயர்த்தி, மூக்கைக் கிளாஸின் விளிம்புக்கு மேலே வைத்து, வாயைச் சற்றே திறந்தபடி மென்மையாக மூச்சை இழுங்கள். ஒயினை முகர்வது போல மூக்கைக் கிளாஸுக்குள் நுழைத்து ஆழமாக இழுத்தால், 40 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறி, அடுத்த சில நிமிடங்களுக்கு வேறு எதையும் உணர முடியாமல் செய்துவிடும். வாய் திறந்திருந்தால் அந்த நெடியின் தாக்கம் தணிகிறது.

இரண்டு நாசிகளும் எப்போதும் ஒரே அளவில் மூச்சை இழுப்பதில்லை. ஆகவே கிளாஸை இடம் வலமாகச் சற்று நகர்த்தி முகர்ந்து பார்த்தால் மணத்தில் மாற்றம் தெரியக்கூடும். கிளாஸின் மேல் விளிம்பில் பழமும் பூவும் சார்ந்த இலகுவான மணங்களும், கீழ் விளிம்பருகே தானியமும் மரமும் சார்ந்த கனமான மணங்களும் கிடைப்பதாகப் பலரும் உணர்கிறார்கள். இரண்டு மூன்று முறை முகர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அதற்குப் பழகி, அது இல்லாதது போலவே ஆகிவிடும். சற்று விலகி, உங்கள் சட்டைக் கையையோ முன்கையின் தோலையோ முகர்ந்துவிட்டு வந்தால், பழகிய அந்த வாசனை மூக்கை மீட்டுத் தந்துவிடும்.

இன்னொரு பழக்கத்தையும் பரிந்துரைப்பேன்: குடித்து முடித்த கிளாஸை உடனே கழுவாமல் விடுங்கள். ஆல்கஹால் முழுதும் பறந்துபோன பிறகு, எளிதில் ஆவியாகாத மரமும் புகையும் கருகிய சர்க்கரையும் அந்த வெறுங்கிளாஸில் மிகத் தெளிவாகத் தெரியும். பீப்பாய் என்ன தந்தது என்பதைக் கற்றுக்கொள்ள இதுவே சிறந்த பாடம்.

மற்றவர்கள் எழுதும் மணங்கள் எதுவும் எனக்குத் தெரியவில்லை. என் மூக்கில் குறையா?

குறை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மணத்தை உணர்வது வேறு, அதற்குப் பெயர் சொல்வது வேறு. இரண்டாவது பழக்கத்தால் மட்டுமே வருகிறது. தெரிந்த வாசனையாக இருந்தும் பெயர் நாக்கு நுனியில் நின்று வராமல் போவது எல்லோருக்கும் நேர்வதே. எடுத்த எடுப்பிலேயே நுணுக்கமான பெயரைத் தேடாமல், முதலில் பெரிய வகையைத் தேர்ந்துகொள்ளுங்கள்: இது பழமா, பூவா, தானியமா, மரமா, புகையா, மசாலாவா? பழம் என்றால் பச்சையான பழமா, கனிந்ததா, உலர்ந்ததா? இப்படி வகையிலிருந்து உள்ளே இறங்கும் முறையைத்தான் 1979 இல் பென்ட்லாண்ட்ஸ் ஸ்காட்ச் விஸ்கி ஆய்வு நிறுவனத்தினர் உருவாக்கிய சுவைச் சக்கரமும் பின்பற்றியது.

வருணனைகளில் வரும் பொருட்கள் எதுவும் விஸ்கியில் போடப்பட்டவை இல்லை. அதே சமயம் அவை எல்லாமே வெறும் கற்பனையும் இல்லை. வாழைப்பழ வாசனைக்குக் காரணமான ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டர் வகைச் சேர்மம் நொதித்தலின்போது விஸ்கியிலும் உருவாகிறது. கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜெனாலும், வெனிலாவின் வெனிலினும், தேங்காயை நினைவூட்டும் லாக்டோன்களும் ஓக் மரத்திலிருந்து இறங்குகின்றன. ஆகவே ஒருவர் கிராம்பு வாசனை என்று எழுதினால் அதற்கு வேதியியல் அடிப்படை இருக்கவே செய்யும். ஆனால் அதே மணம் உங்களுக்குப் பல் மருத்துவரின் அறையை நினைவூட்டினால், அதையே எழுதுங்கள். அங்கும் கிராம்பு எண்ணெய்தானே இருக்கிறது. பிறர் எழுதியதைப் படித்துவிட்டு முகர்ந்தால் அதே மணத்தை மூக்கு தேடித் திணித்துக்கொள்ளும் என்பதால், உங்கள் குறிப்பை எழுதி முடித்த பிறகே மற்றவர் குறிப்பைப் பாருங்கள்.

வாயில் எடுத்தால் எரிகிறது. சுவை எங்கே இருக்கிறது?

எரிச்சல் உண்மையில் சுவையே இல்லை. அது நரம்பு உணர்த்தும் சூடு. மிளகாயின் காரத்தையும் கொதிநீரின் சூட்டையும் உணர்த்தும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டுகிறது. அந்த ஏற்பி வழக்கமாகச் சுமார் 42 டிகிரி செல்சியஸில்தான் விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டதும் அந்த வரம்பு சுமார் 34 டிகிரிக்கு இறங்கிவிடுவதால், உடலின் சொந்த வெப்பமே சுடுவதாகத் தோன்றுகிறது. இதனால்தான் முதல் வாயை வைத்து எந்த விஸ்கியையும் எடைபோடக் கூடாது. மிகச் சிறிய முதல் வாயை எடுத்து, நாக்கு முழுதும் பரவவிட்டு விழுங்கிவிடுங்கள். அது வாயைப் பழக்குவதற்கு மட்டுமே. இரண்டாவது வாயில் எரிச்சல் அடங்கி இனிப்பும் கசப்பும் துவர்ப்பும் பிரிந்து தெரியத் தொடங்கும்.

நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (இறைச்சிச் சாறு போன்ற சுவை) ஆகியவற்றை மட்டும்தான். எரிச்சல், துவர்ப்பு போன்ற தொடு உணர்வுகளைத் தவிர மற்ற அனைத்தும் வாயின் பின்வழியே மூக்குக்கு ஏறும் மணம். விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியே மெல்ல மூச்சை விட்டால் இது விளங்கும்: அதுவரை மங்கலாக இருந்த பழமும் புகையும் அந்த ஒரு மூச்சில் திறந்துகொள்ளும். மூக்கை விரல்களால் அடைத்துக்கொண்டு ஒரு வாய் எடுத்து, பிறகு விரல்களை எடுத்துப் பாருங்கள். வேறுபாடு திகைக்க வைக்கும்.

நாக்கின் நுனியில் இனிப்பும் ஓரத்தில் புளிப்பும் பின்புறத்தில் கசப்பும் மட்டுமே தெரியும் என்று சொல்லும் நாக்கு வரைபடத்தை நம்ப வேண்டாம். 1901 இல் வெளியான ஒரு ஜெர்மன் கட்டுரையைத் தவறாகப் புரிந்துகொண்டதால் பரவிய கருத்து அது.

பின்சுவை என்பது என்ன?

விழுங்கிய பிறகு எஞ்சி நிற்பது. அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைவிட, நிற்கும்போது எப்படி மாறுகிறது என்பதைக் கவனிப்பதே பயன் தரும். இனிப்பில் தொடங்கிக் கசப்பில் முடிவதும், புகை நின்றபின் தானியம் தலைகாட்டுவதும் உண்டு. நீளமான பின்சுவை எப்போதும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. மரத்தின் கசப்பு மட்டும் நெடுநேரம் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் விஸ்கிகளும் இருக்கின்றன.

தண்ணீர் சேர்ப்பது விஸ்கியைக் கெடுத்துவிடாதா?

கெடுக்காது. தண்ணீர் சேர்ப்பதை இழுக்காகக் கருதும் மனப்பாங்கு வடிசாலைகளில் பணிபுரிவோரிடம் இல்லை. கலவை வல்லுநர்கள் மாதிரிகளை, ஆல்கஹால் சுமார் 20 சதவீதமாகும்வரை நீர் சேர்த்துத்தான் முகர்கிறார்கள். நமக்குக் கிடைக்கும் 40 சதவீத விஸ்கியே பீப்பாயிலிருந்து எடுத்தபின் நீர் சேர்க்கப்பட்டதுதான்.

இதற்கு அறிவியல் விளக்கமும் உண்டு. சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃப்ரீட்மன் ஆகிய இருவரும், புகை மணம் தரும் குவையகால் என்ற மூலக்கூறு ஆல்கஹாலும் நீரும் கலந்த திரவத்தில் எங்கே தங்குகிறது என்பதைக் கணினியில் உருவகப்படுத்தி 2017 இல் வெளியிட்டார்கள். ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது அந்த மூலக்கூறுகளை ஆல்கஹால் சூழ்ந்து திரவத்துக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. 45 சதவீதமும் அதற்குக் கீழும் அவை மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. மேற்பரப்பில் இருந்தால்தானே மூக்குக்கு எட்டும்?

எவ்வளவு சேர்ப்பது என்பதற்குப் பொதுவான கணக்கு கிடையாது. முதலில் நீரின்றி முகர்ந்து ஒரு வாய் எடுங்கள். பிறகு கரண்டி நுனியிலிருந்தோ துளிகுழாயிலிருந்தோ, குளோரின் வாசனை இல்லாத, அறை வெப்பத்திலுள்ள நீரைச் சில துளிகள் விடுங்கள். கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், விழுந்த துளி உடனே கலக்காமல், எண்ணெய் இழைகள் போல நெளிந்து சுருண்டு மெல்லக் கரைவது தெரியும். அது அடங்கியதும் மீண்டும் முகருங்கள். 40 சதவீத விஸ்கிக்குச் சில துளிகளே மிகுதியாகிவிடலாம். பீப்பாயில் இருந்த வலிமையிலேயே அடைக்கப்பட்ட 55 அல்லது 60 சதவீத விஸ்கி ஒரு தேக்கரண்டி நீரையும் எளிதில் தாங்கும். ஊற்றிய நீரைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் சிறுகச் சிறுகச் சேர்ப்பதே முறை.

நீர் சேர்த்ததும் விஸ்கி சற்றுக் கலங்கினால் அஞ்ச வேண்டாம். ஆல்கஹால் 46 சதவீதத்துக்குக் கீழே போகும்போது கொழுப்பு அமிலங்களின் எஸ்டர்கள் கரையாமல் பிரிவதால் அந்தக் கலங்கல் வருகிறது. அதைத் தவிர்க்கவே பல நிறுவனங்கள் குளிரவைத்து வடிகட்டுகின்றன. கலங்கினாலும் பரவாயில்லை, அந்த எஸ்டர்கள் விஸ்கியிலேயே இருக்கட்டும் என்பது என் நிலைப்பாடு. வாயில் அது தரும் வழுவழுப்பு எனக்குப் பிடிக்கும்.

ஐஸ்?

குளிர் மணத்தை அடக்கிவிடும், நாக்கையும் மரக்கச் செய்யும். விருப்பத்துக்குக் குடிக்கும்போது அது அவரவர் உரிமை. சுவைத்து அறியும்போது வேண்டாம்.

புகை மணம் எங்கிருந்து வருகிறது?

முளைவிட்ட பார்லியின் வளர்ச்சியை நிறுத்தச் சூளையில் உலர்த்துவார்கள். அப்போது சதுப்பு நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக மட்கிய தாவரங்களாலான பீட்டை எரித்தால், அதன் புகையிலுள்ள ஃபீனால்கள் தானியத்தில் படிந்துகொள்கின்றன. இந்தப் படிவைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில் சொல்வது வழக்கம். ஆனால் அந்த எண் பெரும்பாலும் உலர்ந்த பார்லியில் அளக்கப்பட்டது. அரைத்து, நொதித்து, வடித்து முடிப்பதற்குள் அதில் பெரும்பகுதி போய்விடும். ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலுள்ள லாகவூலின், கல் ஈலா ஆகிய இரு வடிசாலைகளும் அதே தீவின் போர்ட் எலன் கூடத்தில் உலர்த்திய, சுமார் 35 பங்கு அளவிலான பார்லியைப் பயன்படுத்திவருபவை. ஆனாலும் லாகவூலின் கனத்து அடர்ந்தும், கல் ஈலா மெலிந்து துலக்கமாகவும் இருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகர்ந்தால் உணரலாம். வடிகலன்களின் வடிவமும், வடியும் சாராயத்தில் எந்தப் பகுதியைப் பிரித்தெடுக்கிறார்கள் என்பதும் இந்த வேறுபாட்டை உண்டாக்குகின்றன. ஐலா என்றாலே புகை என்று நினைத்துவிடவும் வேண்டாம். புன்னஹாவன் வடிசாலையின் வழக்கமான விஸ்கியில் புகை இராது.

புகை முதலில் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். தொடக்கத்தில் அது மருந்து நெடியாகவே பலருக்குத் தோன்றும். பழகப் பழக அதற்குப் பின்னால் இருக்கும் இனிப்பும் பழமும் தென்படும். தென்படாமலே போனாலும் அதில் தவறொன்றும் இல்லை.

அதிக வயதுடையது சிறந்ததா?

இல்லை, இது விஸ்கி உலகில் மிக அதிகமாகப் பணத்தை வீணாக்கும் நம்பிக்கை. பாட்டிலின் மேல் 12 ஆண்டு என்று இருந்தால், கலவையில் உள்ள மிக இளைய விஸ்கி அந்த வயதுடையது என்று பொருள். பீப்பாயில் இருக்கும் காலம் நீளும்போது கூர்மையான சாராய நெடி குறைந்து, மணங்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. ஒரு கட்டத்துக்குப் பிறகு மரத்தின் துவர்ப்பு மேலோங்கி, வடிசாலைக்கே உரிய குணத்தை மறைத்துவிடும். அந்தக் கட்டம் எப்போது வரும் என்பது பீப்பாயையும் தட்பவெப்பத்தையும் பொறுத்தது. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் பீப்பாயிலிருந்து ஆவியாகிறது. வெப்ப நாடுகளில் இழப்பு பல மடங்கு. ஆகவே தைவானின் கவலான் போன்ற வடிசாலையில் சில ஆண்டுகளிலேயே மரம் தன் வேலையைப் பெரும்பாலும் முடித்துவிடுகிறது.

எத்தனை ஆண்டு என்பதோடு எந்தப் பீப்பாய் என்பதையும் கேட்க வேண்டும். பர்பன் இருந்த அமெரிக்க ஓக், வெனிலாவையும் தேங்காயையும் தரும். ஷெர்ரி ஊறிய ஐரோப்பிய ஓக், உலர்பழத்தையும் மசாலாவையும் துவர்ப்பையும் தரும். பலமுறை பயன்பட்டுக் களைத்த பீப்பாயில் 20 ஆண்டுகள் கிடந்த விஸ்கியைவிட, நல்ல பீப்பாயில் 8 ஆண்டுகள் இருந்தது மேலாக இருப்பது அரிதன்று.

சிங்கிள் மால்ட்தான் உயர்ந்ததா? கலவை விஸ்கி தாழ்ந்ததா?

ஸ்காட்ச் சட்டப்படி சிங்கிள் மால்ட் என்பது ஒரே வடிசாலையில், முளைவித்த பார்லியை மட்டுமே கொண்டு, செம்பு வடிகலனில் வடித்தது. ஒரே பீப்பாய் என்று அதற்குப் பொருள் இல்லை. பெரும்பாலும் பல பீப்பாய்களின் சேர்க்கைதான். கலவை விஸ்கியில் மால்ட்டுடன், 1830 இல் ஈனியஸ் காஃபி காப்புரிமை பெற்ற தொடர் வடிகலனின் வழிவந்த கருவிகளில் வடித்த இலகுவான தானிய விஸ்கியும் சேர்கிறது. பல வடிசாலைகளின் மாறிக்கொண்டே இருக்கும் சரக்கைக் கொண்டு ஆண்டுதோறும் ஒரே சுவையைத் தருவது எளிய காரியம் அன்று. நல்ல கலவை ஒன்றைச் சிங்கிள் மால்ட்டுக்குக் கொடுக்கும் அதே கவனத்துடன் முகர்ந்து பாருங்கள். பலருடைய முன்முடிவு அங்கேயே தளர்ந்துவிடும்.

ஒரே அமர்வில் எத்தனை, எந்த வரிசையில்?

மூன்று போதும், நான்கைத் தாண்டினால் மூக்கும் நாக்கும் ஒத்துழைக்காது. இலகுவானதிலிருந்து கனமானதற்கும், வலிமை குறைந்ததிலிருந்து கூடியதற்கும் செல்லுங்கள். புகை மணமுள்ளது கடைசியில். ஒன்றைத் தனியாகச் சுவைப்பதைவிட இரண்டை அருகருகே வைத்துச் சுவைப்பதே விரைவாகக் கற்றுத்தரும், ஏனெனில் மூக்கு ஒப்பிடுவதில் வல்லது, தனியாக எடைபோடுவதில் வலிமை குன்றியது. ஒரே ஒரு கூறு மட்டும் மாறும் இணைகளைத் தேர்ந்தெடுங்கள்: ஒரே வடிசாலையின் விஸ்கி, ஒன்று பர்பன் பீப்பாயில், மற்றது ஷெர்ரி பீப்பாயில். எது எந்தக் கிளாஸ் என்று தெரியாதபடி வேறொருவரை ஊற்றித் தரச் சொன்னால் பெயரும் விலையும் குறுக்கே வராது. இடையிடையே தண்ணீர் குடியுங்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டோ, காரமான உணவு உண்ட உடனேயோ அமர வேண்டாம்.

உடல்நலத்துக்கு இது நல்லது என்கிறார்களே?

நம்ப வேண்டாம். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது. குடிக்காதவர் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. கருவுற்றோர், வண்டி ஓட்ட இருப்போர், ஆல்கஹாலுடன் ஒவ்வாத மருந்து உட்கொள்வோர், விட்டுவிட முயல்வோர் ஆகியோர் வாயில் எடுக்கவே கூடாது. மற்றவர்கள் பல மாதிரிகளைச் சுவைக்கும்போது துப்பிவிடுவதில் எந்தக் கூச்சமும் தேவையில்லை. வல்லுநர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

திறந்த பாட்டில் எவ்வளவு நாள் தாங்கும்?

விஸ்கி பாட்டிலில் முதிர்வதில்லை. 12 ஆண்டு விஸ்கி எத்தனை காலம் அலமாரியில் இருந்தாலும் 12 ஆண்டு விஸ்கியே. திறந்த பிறகு உள்ளே புகும் காற்று அதை மெல்ல மாற்றுகிறது. முக்கால் பாட்டில் இருக்கும்வரை மாற்றம் மிக மெதுவாக நடக்கும். கால் பாட்டிலுக்குக் கீழே இறங்கிவிட்டால் சில மாதங்களில் மணம் மங்கத் தொடங்கும். அப்போது சிறிய பாட்டிலுக்கு மாற்றி விளிம்புவரை நிரப்பி வைக்கலாம். ஒயினைப் போலப் படுக்க வைக்காமல் நிற்க வைத்தே வைக்க வேண்டும், ஏனெனில் வலிய ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். நேரடி வெயிலும் வெப்பமும் படாத இடமாக இருக்கட்டும். ஈயம் கலந்த பழைய படிகக் குடுவைகளில் ஊற்றிச் சேமிக்கக் கூடாது. நாளடைவில் ஈயம் விஸ்கியில் இறங்கும்.